இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக

"அப்போ அவரு ஓடவே இல்லைங்கிய?"

"ஓடல அக்கா."

"நான் பாத்தேனே தம்பி. விசாரணையில மூணு பேரு பாத்தாங்க. யூனியன்காரரு பாத்தாரு. எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எல்லாரும் பாத்தது ஒரே படத்தைத்தான?"

ஜெசிந்தா டீ டம்ளரைப் படிக்கட்டில் வைத்துவிட்டுச் சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கட்டடத்துக்குள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பேச முடியாத பேச்சு என்பதால் பொன்சிங் அவளைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்து வந்திருந்தான். பதினொரு மணி இடைவேளை முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவன் இரண்டு முறை மணி பார்த்துவிட்டான்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. புதுத்துறை முனையத்தின் கிரேன் கேபின்களில் மனிதர்கள் உட்கார்ந்திருந்த கடைசி ஆண்டு வரைக்கும் அவள் கடலுக்கு மேலே, நாற்பது மீட்டர் உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி வைத்த கூண்டில் வேலை பார்த்தவள். பிறகு கூண்டுகள் காலியாயின. இப்போது துறைமுகத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, உப்பளங்களைத் தாண்டிய இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் வளைந்த திரை. அதில் தெரியும் கப்பலும் கடலும் கன்டெய்னரும் உண்மைபோலவே இருக்கும். கைப்பிடியை அசைத்தால் அங்கே துறைமுகத்தில் கிரேனின் இரும்பு அசையும். அந்தத் திரையின் படத்தைத் தடங்கலில்லாமல் ஓடவைப்பது பொன்சிங்கின் வேலை.

"எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேமரா நொடிக்குத் தொண்ணூறு படம் அனுப்பணும். அனுப்பத்தான் செய்யுது. இங்க வந்து சேருறது சில நேரம் பதினஞ்சு, சில நேரம் பத்து. உப்புக் காத்து, பனி, அலைவரிசைக்கு அடிபிடி. வராத படத்துக்குப் பதிலா சாஃப்ட்வேர் தானே ஒண்ணு வரையும். இதுக்கு முன்னாடி இப்படி நகந்துச்சு, இனி இப்படித்தான் நகரும்னு ஒரு யூகம். வரைஞ்சு நடுவுல செருகும். செருகுன எடம் கண்ணுல உறுத்தும்லா, அதுக்கு மேல ஒரு பூச்சு."

பூச்சு ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஓடும் பொருளின் விளிம்பைத் திரையில் கொஞ்சம் கலைத்து இழுத்துவிடும் வித்தைக்குப் பொன்சிங்கின் ஆட்கள் வைத்த பெயர் வேறு. நாற்காலிக்காரர்கள் அதைப் பூச்சு என்றுதான் சொல்வார்கள். பூச்சு இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் தத்தித் தத்திப் போகும்.

"அன்னைக்குக் கொம்பையா அண்ணாச்சி, லாரிக்கு மேல தொங்குற கன்டெய்னரோட அடி மூலைப் பூட்டைக் கழத்துனாரு. மூலையில ரெண்டு தட்டு தட்டுனாரு. அது வரைக்கும் நெசப் படம். பெறவு லைன் போச்சு. ரெண்டு நொடிக்குக் கொஞ்சம் குறைச்சல்."

"நான் பாத்தேனே. பின்னால மூணு எட்டு வச்சாரு. மஞ்சக் கோட்டுல நின்னு எறக்கலாம்னு கையத் தூக்குனாரு."

"பதினோரு வருசமா அவரு தெனமும் அதத்தான செய்யுதாரு. சாஃப்ட்வேருக்கு அவரு நடை மனப்பாடம். அவரு செய்யல. அவருக்காகப் படம் செஞ்சு காட்டிட்டு."

படிக்கட்டுக்குக் கீழே ஒரு காக்கை பிஸ்கட் உறையைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே கணக்குக் கேட்பவளைப்போலச் சொன்னாள்.

"நான் கையப் பாத்து எறக்க மாட்டேன் தம்பி. கூண்டுல இருந்த காலத்துலருந்தே எனக்குப் பழக்கம், காலத்தான் பாப்பேன். கை பழக்கத்துல தூக்கிரும், கால் பொய் சொல்லாது. அன்னைக்கும் காலத்தான் பாத்தேன். நகந்துச்சு."

"நகத்துனது நம்ம படம் அக்கா."

"பெறவு ஓடுனது?"

"லைன் திரும்பி வந்தப்போ நெசமான ஆளு பெட்டிக்கு அடியில. நம்ம வரைஞ்ச ஆளு கோட்டுல. ரெண்டையும் ஒண்ணாக்கணும்லா. சடார்னு தாவுனா உறுத்தும்னு கால் நொடியில இங்கருந்து அங்க இழுத்து மேல பூசிட்டு. பாக்குறவங்களுக்கு, ஆளு கோட்டுலருந்து திரும்பி உள்ள ஓடுன மாதிரி இருக்கும்."

அந்த ஓட்டத்தைத்தான் ஊரே பார்த்திருந்தது. பத்திரமான இடத்தில் நின்று, கையையும் தூக்கிவிட்டு, இறங்குகிற கன்டெய்னருக்கு அடியில் தானாகப் போய் விழுந்தவர் என்று விசாரணைக் குழு எழுதியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. எதிர் மூலையில் நின்றவனுக்கு நடுவில் கன்டெய்னர் மறைத்ததால் அவன் ஒன்றும் பார்க்கவில்லை. முப்பது டன் இரும்பு ஒரு மனிதனின் மேல் இறங்கியதற்குச் சாட்சியாக உலகத்தில் மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான்.

பொன்சிங்கைத் தேடி ஜெசிந்தா இன்று வந்ததற்குக் காரணம் உண்டு. நேற்று மாலை கொம்பையா அவளுக்குப் போன் செய்திருந்தார். அவள் போனை எடுக்கவே பயந்திருக்கிறாள். திட்டுவார், சாபம் விடுவார் என்று நினைத்திருக்கிறாள். அவரோ மன்னிப்புக் கேட்டாராம். என் கிறுக்குத்தனத்தால் உனக்குக் கெட்ட பேர் வந்துவிடப் பார்த்ததே தாயி, என்ன நினைத்து ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாராம். பத்திரமாக நின்ற ஒரு மனுஷன் ஏன் ஓட வேண்டும் என்ற கேள்வி அவளை இரவெல்லாம் அரித்திருக்கிறது. காலையில் வந்து நேராகப் பொன்சிங்கிடம் கேட்டாள். இருபத்தாறு நாட்களாக யாரும் கேட்காத கேள்வி. கேட்டதும் அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"மறுநாளே."

அவள் டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைப் படிக்கட்டின் ஓரத்தில் ஊற்றினாள்.

பொன்சிங்குக்கு ஏழெட்டு வயதில் ஒரு வழக்கம் இருந்தது. பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுழலும் மின்விசிறியைப் பார்ப்பான். நின்றிருக்கும்போது மூன்று இறக்கை. சுழலும்போது ஒரு வட்டத் தகடு, அதுவும் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் தகடு. அந்த மூன்று இறக்கைகளும் எங்கே போகின்றன? இல்லாத வட்டத்தை யார் போடுகிறார்கள்? கண்தான் போடுகிறது என்று யாரோ சொன்னபோது அவனுக்கு உலகமே ஒரு கணம் மெல்லியதாகிப் போனது. பிற்பாடு படிப்பிலும் வேலையிலும் அவன் செய்ததெல்லாம் அந்த வட்டத்தைத்தான். அறுந்து அறுந்து வரும் படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, தையல் தெரியாமல் தேய்த்து, பார்ப்பவர் மூச்சு விடாமல் பார்க்கும்படி ஆக்குவது. தன் திரையில் அலைகள் வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது, வெளியே உண்மையான கடலே கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதாக அவனுக்குத் தோன்றும்.

முதலில் சாஃப்ட்வேருக்கு ஓர் எல்லை இருந்தது. நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் படம் வராவிட்டால் யூகிப்பதை நிறுத்திவிட்டுத் திரையைச் சாம்பல் நிறமாக்கும். கைப்பிடி பூட்டிக்கொள்ளும். தெரியவில்லை என்று அது ஒப்புக்கொள்ளும் இடம் அது. பனிக்காலத்தில் ஒரு ஷிப்டுக்கு அறுபது, எழுபது தடவை அப்படி ஆகும். சாம்பல், படம், சாம்பல், படம். நாற்காலிக்காரர்களுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. கண் டாக்டரிடம் போனார்கள், நரம்பு டாக்டரிடம் போனார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். கடைசியில் மூன்று ஷிப்டைச் சேர்ந்தவர்களும் ஒரு மனு எழுதினார்கள். முப்பத்தைந்து கையெழுத்து. முதல் கையெழுத்து ஜெசிந்தாவுடையது.

மேலாளர் மனுவைப் படித்துவிட்டு, ஏதாவது செய்து கொடு தம்பி, எனக்கு எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார். பொன்சிங் ஓர் எண்ணை மாற்றினான். ஐந்தில் ஒரு நொடி என்றிருந்ததை இரண்டு நொடியாக்கினான். பூச்சையும் கூட்டினான். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் வாளிகள் காணாமல் போயின. ஜெசிந்தா வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டு வந்து கொடுத்தாள். பெண்கள் அவனைக் கண்டால் சிரித்தார்கள். வாழ்க்கையில் தான் செய்த வேலையால் பத்துப் பேர் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அவன் முதல்முறையாக உணர்ந்தது அந்த வாரத்தில்தான்.

பனி குறையவில்லை, லைன் அறுவதும் குறையவில்லை. அறுவது தெரியாமல் போயிற்று. முன்பு திரை சாம்பலாகித் துள்ளியதுதான் எச்சரிக்கை என்பது எவருக்கும் உறைக்கவில்லை, அவன் உட்பட.

விசாரணையில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். பதிவில் யாராவது கை வைத்தார்களா? இல்லை என்றான். அது உண்மை. சட்டப்படி சேமித்து வைக்க வேண்டியது கிரேன் ஓட்டுநர் என்ன பார்த்தார் என்பதை. அதை அப்படியே, ஒரு புள்ளிகூட மாறாமல், சேமித்திருந்தார்கள். ஓட்டுநர் பார்த்தது நடந்ததா என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எந்தப் படம் கேமராவிலிருந்து வந்தது, எது வரையப்பட்டது என்று குறித்துக்கொள்ளும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. முப்பது நாள் இருக்கும், பிறகு தானாக அழியும். இன்னும் நான்கு நாள். அதைப் பிரதி எடுத்து வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் திறப்பான், பார்ப்பான், மூடுவான். நான்கு நாள் பேசாமல் இருந்தால் அந்த ஓட்டம் உண்மையாகவே நடந்துவிடும்.

"சொன்னா என்ன ஆகும்?" என்றாள் ஜெசிந்தா.

"எண்ண மாத்துனது நான். என் வேலை போகும், கேஸ் வரும். அதோட விடுவாங்கன்னு தோணல. பன்னெண்டு நாற்காலியையும் நிறுத்துவாங்க. ஆளே வேண்டாம், மெசினே எறக்கட்டும்னு ரொம்ப நாளா பேச்சு இருக்குல்லா."

"மொதக் கையெழுத்து என்னுது."

"ஒங்க பேர நான் இழுக்க மாட்டேன் அக்கா."

"இழுக்காட்டா மட்டும்? எறக்குனது என் கைதான தம்பி." அவள் எழுந்தாள். இடைவேளை முடிந்துகொண்டிருந்தது. "சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதியன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் இல்ல. ஆனா அந்த மனுசன் இன்னொரு தடவ என்ட்ட மன்னிப்புக் கேட்டாருன்னு வைங்க, நான் தாங்க மாட்டேன். அத மட்டும் பாத்துக்கிடுங்க."

கதவைத் திறந்தபோது குளிர்ந்த காற்று ஒரு கணம் வெளியே வந்து அவன் முகத்தில் பட்டது. அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரையில் யாரோ ஒருவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் தன் மேசைக்குப் போனான். யோசித்தால் மறுபடி மூடிவிடுவோம் என்று பயந்து, யோசிக்காமல் கோப்பையும் பதிவையும் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டான்.

சனிக்கிழமை பிற்பகல் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பஸ் ஏறினான். மடியில் லேப்டாப் பை. ஜன்னல் வழியே உப்புக் குவியல்கள் போயின. கிட்டே இருந்தவை கலைந்து, வெள்ளைக் கோடாகி ஓடின. தொலைவில் இருந்தவை அசையாமல் நின்றன. இப்போதெல்லாம் அவனால் எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. சாலையைக் கடக்கும் பெண் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வான். தூணுக்குப் பின்னால் அவள் நடந்துகொண்டுதான் இருந்தாளா? நடந்தாள் என்று போட்டுக்கொண்டது யார்? சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பஸ்ஸுக்குள் உதடு அசையாமல் ஒத்திகை பார்த்தான். அண்ணாச்சி, நீங்க ஓடல. இவ்வளவுதான் வாக்கியம். பக்கத்து இருக்கைக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

வீடு இரண்டாவது மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்து ஏற்றிய நாளிலிருந்து கொம்பையா கீழே இறங்கவில்லை என்று அவர் மனைவி சொர்ணம் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள். தெரிந்தவர்கள் வருவதும் குறைந்துவிட்டதாம். வந்தவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம். மகள் திருப்பூரிலிருந்து போனில் அழுதுகொண்டே அதையேதான் கேட்டாளாம்: ஏன்ப்பா ஓடுனீங்க?

கொம்பையா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயதுக்கு முடி அதிகமாக நரைத்திருந்தது. போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. பொன்சிங்கைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் சிரித்தார்.

"வாங்க தம்பி. நீங்கதான் அந்தத் திரைக்கு டாக்டராமே. ஜெசிந்தா சொல்லியிருக்கு. சொர்ணம், தம்பிக்கு ஏதாவது கலக்கு."

நலம் விசாரித்து முடித்ததும் அவரே பேச்சை எடுத்துக்கொண்டார். அவரிடம் அந்தப் படம் போனில் இருந்தது. விசாரணை முடிந்த மறுநாளே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கப்பல் நிற்கும் வார்ஃபில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் அதற்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவன், பெரியவர் கோட்டில் நிற்கும்போது 'பிரியாணி ரெடி' என்று யாரோ கூப்பிடுவதுபோலக் குரல் சேர்த்திருந்தான். அதையும் போட்டுக் காட்டினார். சரியான இடத்தில் குரல் விழுவதைப் பார்த்து அவரே சிரித்தார். பொன்சிங்கும் சிரிக்க வேண்டியிருந்தது. போன் எடுக்க ஓடினார், விழுந்த செயினை எடுக்க ஓடினார், இன்சூரன்ஸுக்காக ஓடினார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். கழுத்தில் செயினே போட்டதில்லை என்றார்.

சொர்ணம் சர்பத் டம்ளரை நீட்டினாள். பொன்சிங் அதை வாங்கித் தரையில் வைத்தான்.

"அண்ணாச்சி," என்றான், "அந்தப் படம் இருக்குல்லா..."

"அதத்தான் தம்பி நானும் சொல்ல வாரேன்." அவர் கையமர்த்தினார். "மொதல்ல எனக்கு வேற மாதிரி நெனப்பு. பூட்டைக் கழத்துனேனா, கைய விட்டு வழுக்கிப் பெட்டிக்கடியில உருண்டுட்டு. கெடந்தா லாரி டயருல ஏறுமேன்னு குனிஞ்சேன். அவ்வளவுதான். ஆஸ்பத்திரில நாலு நாளு இதையேதான் சொல்லிட்டுக் கெடந்தேன். மயக்க மருந்துல ஒளறுதேன்னாங்க. பெறவு படத்தக் காட்டுனாங்க. எனக்கு ஆத்திரம். இது நான் இல்லலேன்னு கத்துனேன். ஆனா நான்தான. என் தொப்பி, என் நடை. நான் மூணு எட்டு வைக்கிறது எனக்குத் தெரியாதா?"

"தூங்க விடல" என்றாள் சொர்ணம் வாசல்நிலையில் சாய்ந்தபடி. "போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாக."

"பாக்கப் பாக்க ஒவ்வொண்ணா நெனப்பு வந்துட்டு தம்பி. மொதல்ல கோட்டுல நின்னது வந்துச்சு. பெறவு கையத் தூக்குனது. முந்தாநாத்து விடியக்காலம் ஓடுனதே வந்துட்டு. காத்து மூஞ்சில அடிச்சது வரைக்கும் தெரியுது. அந்தக் குனிஞ்ச கதைய இப்போ யோசிச்சா, யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருக்கு."

பொன்சிங் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கின் அடியில் கிடந்தது. அதைச் சொல்வது ஒரு செய்தியைச் சொல்வது என்று எண்ணி வந்திருந்தான். இப்போது அது இந்த மனிதரிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவதாக இருந்தது. முகத்தில் காற்று அடித்த அந்த ஓட்டம், அவர் கடைசியாக இரண்டு காலால் ஓடிய ஓட்டம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் பொய் சொல்லுத ஆளு இல்ல," என்றார் கொம்பையா. "அன்னைக்கு ஒளறுனதுக்கும் சேத்துத்தான் அந்தப் புள்ளைட்ட மன்னிப்புக் கேட்டேன். தப்பு எம்பேருல இருக்கட்டும், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் பிடிபட மாட்டேங்குது. உள்ள எதையோ பாத்திருக்கேன். இல்லாட்டா ஓட மாட்டேன். பச்சப் புள்ள எதும் நின்னுச்சோ, கூட வேலை பாக்குறவன் எவனும் உள்ள மாட்டிக்கிட்டானோ. யாரையாவது பிடிச்சு இழுக்கத்தான் போயிருப்பேன்னு இவ சொல்லுதா. அப்படி இருந்தா நல்லாருக்கும்லா?"

சொர்ணம் தலை குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்க தம்பி, நீங்க என்னமோ சொல்ல வந்திய."

பொன்சிங் பையின் ஜிப்பைத் திறந்தான். லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தான். திரை ஒளிர்ந்தது. முதல் படத்திலேயே கொம்பையா நின்றிருந்தார், இரண்டு காலோடு, பூட்டில் கை வைத்தபடி. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவன் விரல் விசையின் மேல் நின்றது.

கொம்பையா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"போன்ல அந்த எடம் சட்டுனு போயிருது தம்பி. எத்தன தடவ பாத்தாலும் மங்கலா ஓடிருது. ஒங்க மெசின்ல பைய ஓட்டலாம்லா? எதப் பாத்து ஓடுனேன்னு நான் பாக்கணும். கொஞ்சம் மெதுவா ஓட்டிக் காட்டுங்க."